பிஜிலிக்குச் சுற்றிப் போட்டவள்

தாம்பரம் கேம்ப் ரோடில் சுந்தரவல்லியின் முகத்தை மறந்தவர்கள் இருக்கலாம். அவள் கையை மறந்தவர்கள் இல்லை. குழந்தை பாலைக் கக்கினாலும், புது வண்டி வாங்கிய மறுநாளே கீறல் விழுந்தாலும், பரீட்சைக்குப் போகிற பெண்ணுக்குத் திடீரென்று காய்ச்சல் அடித்தாலும், "மெக்கானிக் துளசிங்கம் பொண்டாட்டிகிட்ட காட்டிட்டு வா" என்பார்கள். அவளும் உப்பு, மிளகாய், கடுகு, முச்சந்தி மண் எல்லாவற்றையும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு சுற்றிப் போடுவாள்.

அந்தக் கைக்குள் இருப்பது பக்தி என்று தெரு நினைத்தது. உண்மையில் இருந்தது பயம்.

சுந்தரவல்லி வண்டலூரில் பிறந்தவள். மிருகக்காட்சி சாலைச் சுவருக்கு இந்தப் பக்கம் அவர்கள் வீடு. விடியற்காலையில் சிங்கம் உறுமினால் பாயில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். "நடுவுல சுவரு இருக்குடி, தூங்கு" என்பாள் அம்மா. சுவர் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று அம்மா சொல்லித் தரவில்லை. கல்யாணமாகி தாம்பரத்துக்கு வந்த பிறகு, ரயில், லாரி, பல்லி சொல்லுவது, தாமதமாக வீடு திரும்பும் மகள் என்று எல்லாவற்றுக்கும் அவள் தானே ஒரு சுவர் கட்டிக்கொண்டாள். உப்பும் மிளகாயும்தான் அந்தச் சுவரின் செங்கல்.

துளசிங்கம் இதற்கு நேர்மாறு. ஹெல்மெட் போடாமல் வண்டியை ட்ரயல் பார்க்கிற மனிதர். "உன்னை வெச்சிக்கினு நான் எமனுக்கு எதுக்கு பயப்படணும்? வந்தான்னா அவனுக்கே சுத்திப் போட்டு அனுப்பிட மாட்டே?" என்று சிரிப்பார்.

அந்தத் துளசிங்கம்தான் ஒரு புரட்டாசி மத்தியானம், பழைய ஸ்கூட்டரின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர், ஸ்பானரோடு அப்படியே சாய்ந்தார்.

குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் பல இடங்களில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். ஆனால் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் விடாததால் கத்தி வைக்க முடியாது என்றும் சொன்னார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மனிதர் நாளுக்கு நாள் துணிபோல் துவண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி மிளகாயைக் கொண்டுபோக நர்ஸ் விடவில்லை. சுந்தரவல்லி அன்றிலிருந்து படுக்கவே இல்லை. நாற்காலியில், சுவரோரத்தில், பஸ்ஸில் என்று உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள். படுத்துவிட்டால் அந்த நேரம் பார்த்து ஏதாவது ஆகிவிடும் என்று பயம்.

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது.

கடையைப் பூட்டி வைக்க மனம் வரவில்லை. மகள் ஜீவிதா சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, அன்று லீவு. அவளை அப்பாவுக்குக் காவல் வைத்துவிட்டு சுந்தரவல்லி காலையில் தனியாக ஷட்டரைத் தூக்கினாள். ஸ்பானர்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டாள். பூசணிக்காயின் தலையில் சதுரமாக வெட்டி, குங்குமத்தைக் கொட்டி நிரப்பி, மேலே கற்பூரம் ஏற்றினாள். வருஷா வருஷம் துளசிங்கம் உடைப்பார். உடைத்த கையோடு துடைப்பத்தை எடுத்து, "எவனாவது வண்டில வந்து வழுக்கி வுழுவான், அந்தப் பாவம் நமக்கு வேணாம்" என்று துண்டுகளை ஓரத்துக்குத் தள்ளிவிடுவார்.

இந்த வருஷம் அவளே தூக்கினாள். கடையைச் சுற்றினாள். 'என் புருஷன் மேல் இருக்கிறதெல்லாம் இதோடு போகட்டும்' என்று நடுரோட்டில் ஓங்கி அடித்தாள். பூசணிக்காய் சிதறியது. ரோடு ரத்தக்களரிபோல் சிவந்தது.

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பியபோது போன் அடித்தது.

"அம்மா…" ஜீவிதாவின் குரல் குரலாகவே இல்லை. "அப்பா பேச மாட்டேங்கறாரும்மா. கூப்பிட்டா திரும்பல. சிஸ்டரெல்லாம் ஓடி வர்றாங்க. நீ உடனே வாம்மா!"

துடைப்பம் கையிலிருந்து நழுவியது. அந்த நேரம் பார்த்து பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் சரவெடியைப் பற்ற வைத்தார்.

அதே நேரத்தில் ஜங்ஷனில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. அடுத்த வாரம் நடக்கவிருந்த ராணுவக் கண்காட்சிக்காக வடக்கேயிருந்து குதிரைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். லீவு நாளில் ரோடு காலியாக இருக்கும் என்று ஒத்திகைக்கு அன்றைய தினத்தைக் குறித்துவிட்டார்கள். ஆயுத பூஜையன்று தாம்பரத்தில் ரோடு காலியாக இருக்கும். ஆனால் காது காலியாக இருக்காது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சரவெடியின் சத்தத்துக்கு மேல் இன்னொரு சத்தம் எழுந்தது. தார் ரோட்டில் இரும்பு அடிக்கிற சத்தம். "ஓரம் போ! ஓரம் போ!" என்று யாரோ அலறினார்கள். புகையைக் கிழித்துக்கொண்டு குதிரைகள் வந்தன. ஒன்றின் மேலும் ஆள் இல்லை. சேணங்கள் வயிற்றுக்குக் கீழே தொங்கின. பூக்கடையின் தட்டு பறந்தது. ஒரு ஷேர் ஆட்டோ சாய்ந்தது. வாயில் நுரை, கண்ணில் வெள்ளை மட்டும். சுந்தரவல்லி ஷட்டரோடு ஒட்டிக்கொண்டாள். சின்ன வயதில் உறுமலாக மட்டும் கேட்டது இன்று சுவரைத் தாண்டி வந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

முன்னால் வந்த குதிரைகள் விலகி ஓடின. கடைசியாக வந்த கரும்பழுப்புக் குதிரை நேராகப் பூசணிக்காயின் மேல் கால் வைத்தது.

வழுக்கியது. அவ்வளவு பெரிய உடம்பு, கண்ணாடிமேல் விழுந்த சோப்புபோல் சறுக்கிக்கொண்டு வந்து, கடைக்கு முன்னால் நின்ற லோடு வண்டியில் மோதியது. முன்னங்காலில் தோல் கிழிந்து தொங்கியது. குங்குமம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. அது தலையைத் தூக்கி அவளையே பார்த்தது. பிறகு எழுந்து, மூன்று காலில் நொண்டிக்கொண்டே ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஓடியது.

"அம்மா! லைன்ல இருக்கியா?" காதில் போன் கத்தியது. "அப்பா கண்ணைத் தொறந்துட்டாரும்மா! தண்ணி கேக்கறாரு!"

அன்று சாயங்காலத்துக்குள் எல்லாக் குதிரைகளையும் பிடித்துவிட்டார்கள். ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நின்றது. இன்னொன்று மேடவாக்கம்வரை போய்விட்டது. அடிபட்ட குதிரை செம்பாக்கம் ஏரியில், ஆகாயத்தாமரைக்கு நடுவே நெஞ்சளவு சேற்றில் நடுங்கிக்கொண்டு நின்றதாம். உயிர்ச் சேதம் இல்லை. துளசிங்கத்துக்கும் அன்று ராத்திரியே காய்ச்சல் இறங்கியது. "நல்ல முன்னேற்றம். ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடலாம்" என்றார் டாக்டர். ஜீவிதா அழுதுகொண்டே சிரித்தாள்.

சுந்தரவல்லி சிரிக்கவில்லை.

விஜயதசமியும் கழிந்த பிறகு பூவம்மாள் கூடையோடு வந்தாள். கோவளத்திலிருந்து பஸ் ஏறி வந்து கடை ஓரத்தில் மீன் விற்கிறவள். பூஜை நாளில் மீன் விற்காது என்பதால் அதுவரை வரவில்லை. வந்ததும் வராததுமாக விஷயத்தைப் பிடுங்கினாள்.

"இன்னா வல்லி, உன் பூசணிக்காயத்தான் அந்தக் குதுர மெரிச்சுதாமே?"

சுந்தரவல்லி தலையசைத்தாள்.

"அதான் சொல்றேன்! உன் வூட்டுக்காரன் மேல கீறத அது வாங்கிகினு போச்சு. வாயில்லா ஜீவன், பாவம். அது வுழுந்துச்சு, இவுரு எயுந்துட்டாரு."

"அப்படியெல்லாம் சொல்லாத பூவம்மா."

"நானா சொல்றேன்? கண்ணுக்கு முன்னால நடந்துகீது. அது போச்சுன்னா இவுரு நிப்பாரு. அது நின்னுச்சுன்னா…"

"நின்னா?"

பூவம்மாள் சங்கரா மீனைப் புரட்டி அடுக்கினாள். "எனக்கு இன்னா தெரியும்? நான் மீனு விக்கறவ."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சில சொற்கள் முள் மாதிரி. தொண்டையில் நின்றுவிட்டால் சோறு உருட்டி விழுங்கினாலும் இறங்காது. மறுநாள் டிவியில், காயம்பட்ட குதிரை புல் கடிக்கத் தொடங்கியது என்று சொன்னார்கள். அன்று சாயங்காலம் துளசிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதற்கு அடுத்த நாள் குதிரையின் கால் வீங்கிவிட்டது, தீனியைத் தொடவில்லை என்றார்கள். அன்று துளசிங்கம் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். தராசின் ஒரு தட்டில் அந்தக் குதிரை, இன்னொரு தட்டில் தன் தாலி என்று சுந்தரவல்லி நம்பியே விட்டாள்.

"லூசு மாதிரி பேசாதம்மா. ஆன்டிபயாடிக் வேலை செய்யுது, அவ்ளோதான்" என்று ஜீவிதா அதட்டினாள்.

ஆனால் சேலையூர் அம்மன் கோயிலில் கண்ணை மூடி நின்றபோது, என்ன கேட்கிறோம் என்பது சுந்தரவல்லிக்கே தெரிந்துவிட்டது. ஐயோ! அந்தக் குதிரை சாக வேண்டும் என்றல்லவா அவள் மனசு கேட்டது! ஊர்க் கண்ணையெல்லாம் கழித்தவளுக்கு, தன் கண்ணே கொள்ளிக்கண்ணாகிவிட்டது புரிந்தது. குங்குமம்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை. கடையில் துளசிங்கத்தின் லுங்கியை எடுக்க வந்தவள், ராணுவப் பச்சை பேன்ட் போட்ட ஒருவன் பூவம்மாளிடம் விசாரிப்பதைப் பார்த்தாள். ஒரு கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கியது. பூவம்மாளின் விரல் நேராகக் கடையைக் காட்டியது. பூசணிக்காயை வாராததற்குப் பிடித்துக்கொண்டு போக வந்துவிட்டார்கள்! சுந்தரவல்லி டயர் அடுக்கின் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா? உள்ள இருக்கீங்களா? நான் ஜெபராஜ். பிஜிலிய ஓட்டுறவன்."

"யாரு?"

"குதிரைக்கா. பெண் குதிரை. பிஜிலின்னா இந்தியில மின்னலு."

பூவம்மாள் வெளியிலிருந்தே குரல் கொடுத்தாள். "பிஜிலி வெடின்னு பேரு வெச்சிட்டு, வெடி சத்தத்துக்கு ஓடுச்சுன்னா இன்னா நாயம்?"

ஜெபராஜ் சிரிக்க முயன்றான். முடியவில்லை. "நாலு நாளா வாயே வைக்கலக்கா. ஊசி, குளுக்கோஸ் எல்லாம் பார்த்தாச்சு. யாராவது வாளிய வெச்சாக்கூட அப்படி உதறுது. எங்கம்மா நாசரேத்துல இருந்து போன் போட்டு, 'எலே, யாரையாவது வெச்சுச் சுத்திப் போடுலே'ன்னாங்க. இங்க விசாரிச்சா எல்லாரும் உங்களத்தான் சொல்றாங்க."

சுந்தரவல்லி டயர்களைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நீ கிறிஸ்தவன்தானே தம்பி?"

"நான் கிறிஸ்டியன்தாங்க்கா. குதிரை என்ன மதம்னு யாருக்குத் தெரியும்?"

விதி எப்படியெல்லாம் வேடம் கட்டிக்கொண்டு வருகிறது! அவள் வைத்த நெருப்பை அவளையே அணைக்கச் சொல்லி வாசலில் வந்து நிற்கிறது. அணைத்தால் அது எங்கே போய்ப் பற்றும்? நாளைக் காலை நெஞ்சைத் திறந்து படுக்கப் போகிறவரின் மேலல்லவா?

"என்னால முடியாது. நாளைக்கு என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன்."

அவன் முகம் மாறியது. "மன்னிச்சிருங்கக்கா, தெரியாமக் கேட்டுட்டேன். அண்ணனுக்காக ஜெபம் பண்ணிக்கிடுதேன்." படியிறங்கிவிட்டான். இறங்கியவன் தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னான்: "இன்னிக்கும் தின்னலன்னா ஊசி போட்டு முடிச்சிரணும்னுட்டாரு டாக்டர். அன்னைலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கு. படுக்கப் பயப்படுதுக்கா."

படுக்கப் பயப்படுகிறது.

சுந்தரவல்லி வாசல்வரை வந்துவிட்டாள். இத்தனை நாள் நாற்காலியிலும் சுவரோரத்திலும் தான் கழித்த இரவுகள் கண்முன் வந்தன. அவன் பஸ் ஸ்டாப்வரை போய்விட்டான். பஸ் வந்துகொண்டிருந்தது. போகட்டும், போகட்டும் என்றது ஒரு மனசு. வாய் அதைக் கேட்கவில்லை.

"தம்பி! நில்லு! பூவம்மா, அவனை நிறுத்து!"

"ஏய் மிலிட்டிரி!" என்று பூவம்மாள் போட்ட சத்தத்தில் பஸ்ஸே நின்றது.

முகாமின் வாசலில் இரண்டு பெண்களையும் ஏற இறங்கப் பார்த்தார்கள். பூவம்மாளின் மீன் கூடையை உள்ளே விடவில்லை. லாயம் சுத்தமாக இருந்தது. வைக்கோலும் மருந்தும் கலந்து மணத்தது. கடைசித் தடுப்பில் பிஜிலி நின்றது. முன்னங்காலில் தொடை வரைக்கும் கட்டு. விலாவெலும்பு தெரிந்தது. சுந்தரவல்லியின் வளையல் குலுங்கியதும் உடம்பு முழுக்கச் சிலிர்த்து, சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. வெள்ளை தெரிகிற அதே கண்.

அவள் வளையல்களைக் கழற்றி பூவம்மாளிடம் கொடுத்தாள். உப்பையும் மிளகாயையும் கையில் பொத்தினாள்.

"ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு…" சுற்றத் தொடங்கினாள். "நாய்க் கண்ணு, நரிக் கண்ணு, நல்ல கண்ணு, கொள்ளிக் கண்ணு…"

எப்போதும் அதோடு முடிந்துவிடும். இன்று முடியவில்லை.

"…சுந்தரவல்லி கண்ணு."

பூவம்மாள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். சுந்தரவல்லியின் கன்னத்தில் நீர் வழிந்தது. இரண்டு சுற்று ஆகிவிட்டது. மூன்றாவதில் கை பாதியில் நின்றது. இதை முடித்தால் அவர் போய்விடுவார். முடிக்காவிட்டால் இது போய்விடும். கை அந்தரத்தில் நின்றது. அம்மா தாயே, நான் என்ன செய்வேன்!

சூடான மூச்சு அவள் முஷ்டியில் பட்டது. பிஜிலி கழுத்தை நீட்டியிருந்தது. விரலிடுக்கில் வியர்வையோடு கசிந்த உப்பை மெல்ல முகர்ந்தது. பிறகு சொரசொரப்பான நாக்கால் ஒருதரம் நக்கியது.

"கர்த்தாவே!" என்றான் ஜெபராஜ்.

சுந்தரவல்லி மூன்றாவது சுற்றை முடித்தாள்.

லாயத்தில் நெருப்பு கூடாது என்பதால் சமையல் கூடத்தின் பின்புறம் கொண்டுபோனார்கள். கனலும் விறகில் கையைத் திறந்து கொட்டினாள். கண்பட்டிருந்தால் மிளகாய் எரிந்தாலும் நெடி வராது என்பது தெரு அறிந்த கணக்கு. ஆனால் மறு விநாடியே புகை குபுக்கென்று எழுந்தது. சமையற்காரர் தும்மினார். ஜெபராஜ் ஒற்றைக் கையால் மூக்கைப் பொத்தினான். பூவம்மாள் இருமி இருமிக் கண் சிவந்தாள்.

"இன்னாடி வல்லி, நெடி இந்தப் போடு போடுது! அப்ப கண்ணே படலையா? சும்மா வயுக்கி வுழுந்துதான் கால்ல அடிபட்டுகிச்சா?"

ஆமாம். வெறும் வழுக்கல். வாராமல் விட்ட ஒரு பூசணிக்காய். அவ்வளவுதான்.

பூவம்மாள் நிம்மதியாகச் சிரித்தாள். சுந்தரவல்லிக்கோ அதுவரை தெரியாத ஒரு பயம் பிடித்தது. குதிரை எதையும் வாங்கிக்கொள்ளவில்லை என்றால், அவரை இத்தனை நாள் தாங்கியது எது? நாளைக்கு எது தாங்கும்? கழிக்க ஒன்றுமில்லை. சுற்ற ஒன்றுமில்லை. நடுவில் சுவரே இல்லை.

மறுநாள் ஆபரேஷன் அறைக்கு வெளியே அவள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். ஜீவிதா அவள் தோளில் சாய்ந்திருந்தாள். உள்ளே போகும்போது துளசிங்கம் ஸ்ட்ரெச்சரில் இருந்தபடி, "இன்னா, சுத்திப் போடலையா?" என்று கண்ணடித்தார். கதவு மூடிக்கொண்டது. அந்த ஒரு கதவைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. அது திறக்கவே இல்லை. வெயில் ஜன்னலைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு நர்ஸ் ஓடி வந்து ஓடிப் போனாள். இன்னொருத்தி ரத்தப் பையோடு உள்ளே போனாள்.

போன் அடித்தது. ஜெபராஜ்.

எடுக்கப் பயமாக இருந்தது. என்ன கேட்கப் போகிறோம், கேட்டதும் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று பயம். ஜீவிதாதான் பொத்தானை அழுத்தி அம்மாவின் காதில் வைத்தாள்.

"அக்கா, ராத்திரி கொள்ளு தின்னுட்டு! காலைல படுத்துட்டு! நல்லா கால நீட்டிப் படுத்துத் தூங்குது! டாக்டர் பொழைச்சிரும்னுட்டாரு!"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் மனசுக்குள் எட்டிப் பார்த்தாள். நேற்றுவரை அங்கே கிடந்த கருப்பு இல்லை.

"தூங்கட்டும்பா. எழுப்பாதீங்க" என்றாள். கதவு இன்னும் மூடித்தான் இருந்தது.

அது திறந்தபோது டாக்டர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ஜீவிதாவின் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள். ஆனாலும் நம்பவில்லை. சாயங்காலம் பச்சை அங்கியை மாட்டிவிட்டு, ஒரு நிமிஷம் மட்டும் என்று உள்ளே விட்டார்கள். குழாய்களுக்கு நடுவே துளசிங்கம் கிடந்தார். கண் மூடியிருந்தது. இயந்திரம் ஒன்று விட்டுவிட்டுக் கூவியது. ஒவ்வொரு கூவலுக்கும் இடையில் அவள் செத்துப் பிழைத்தாள்.

பழக்கத்தில் அவள் கை அவர் முகத்தைச் சுற்ற எழுந்தது. பாதியில் இறக்கிக்கொண்டாள். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் பாதத்தை, நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் போகாத அந்தப் பெருவிரலை, இரண்டு கையாலும் பிடித்தாள்.

சூடாக இருந்தது.

"போதும்மா, வெளிய வாங்க" என்றாள் நர்ஸ்.

"இதோ" என்றாள். விடவில்லை.